ஒன்பதாம் கிணறு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், நிலத்தடி நீரில் இருக்கும் நுண்ணுயிர்களை ஆராய்கிறேன் என்பேன். முலுண்டில் இருக்கும் என் தம்பி செல்வம் அதைச் சுருக்கி, "எங்க அக்கா கக்கூஸ் தண்ணி டாக்டர்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லுவான். முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்ததில் அவன் சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. இந்த ஊரின் கிணறுகளிலும் போர்வெல்களிலும் மனிதக் கழிவு எவ்வளவு கசிந்திருக்கிறது, பட்டறைக் கழிவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றுதான் முப்பத்து மூன்று வருடங்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் பிரேமலதா. வயது ஐம்பத்தொன்பது. பாண்டுப்பில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். நான் பத்தாவது படித்தபோது எங்கள் தெருவில் பதினோரு பேருக்கு மஞ்சள்காமாலை வந்து, அதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். தண்ணீர்தான் காரணம் என்றார்கள். கண்ணாடி தம்ளரில் எடுத்துப் பார்த்தேன், பளிங்கு மாதிரி இருந்தது. அந்தப் பளிங்குத் தண்ணீர் மேல் ஏற்பட்ட சந்தேகம்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வேறு எதையும் யாரையும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

செம்பூரில் ஒற்றை அறை ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓய்ந்து பத்து வருடம் ஆகிறது. கேட்டபோது எரிச்சலாக இருந்தது, கேட்காமல் விட்டபோது இன்னும் எரிச்சலாக இருந்தது. சனிக்கிழமை மாலை ஆபீஸ் வாட்ச்மேனிடம் "வர்றேன்" என்று சொன்னால், அடுத்து நான் வாயைத் திறப்பது திங்கட்கிழமை காலை ஆட்டோக்காரரிடம் இடம் சொல்லும்போதுதான். சில திங்கட்கிழமைகளில் குரல் கரகரவென்று வரும். ஜலதோஷமா மேடம் என்று ஆபீஸில் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

மாதுங்காவில் நான்கு, தாராவியில் ஆறு, செம்பூரில் நான்கு என்று பதினான்கு கிணறுகள் என் கணக்கில் இருந்தன. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுக்க வேண்டும். கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பிளேட் என்னும் வட்டக் கண்ணாடித் தட்டில் வளரவிட்டு, எத்தனை புள்ளிகள் முளைக்கின்றன என்று எண்ண வேண்டும். மலம் கலந்த தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் என்ற கிருமிகளைத்தான் முதலில் பார்ப்போம். பதின்மூன்று கிணறுகளில் எப்போது பார்த்தாலும் எண்ண முடியாத அளவுக்கு முளைத்திருக்கும். இந்த ஊருக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஒன்பதாம் கிணறு மட்டும் வேறு மாதிரி இருந்தது.

அது தாராவியில் ஒரு சாலின், அதாவது ஆறு வீடுகள் ஒட்டினாற்போலக் கட்டிய வரிசைக் குடியிருப்பின், முற்றத்தில் இருக்கிறது. சிமென்ட் உறை இறக்கிய பழைய கிணறு, மேலே தகர மூடி. அதை ஒட்டிய வீட்டில் சீனியம்மாள் இருக்கிறாள். கிணறும் முற்றத்துக் கதவுச் சாவியும் அவள் பொறுப்பு. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கட்டடத்தில் சாரம் சரிந்து புருஷன் போய்விட்டான், மகளைக் கோபர்கைரனேயில் கட்டிக்கொடுத்துவிட்டாள். அதிகாலையில் இட்லி அவித்து அலுமினியப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மாதுங்கா பக்கம் விற்கப் போவாள். மாவுக்குக் குழாய்த் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுவாள், துணி துவைப்பாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் முதல்முறை அங்கே மாதிரி எடுத்தபோது மற்ற கிணறுகளைப் போலத்தான் இருந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து கோலிஃபார்ம் சடசடவென்று குறைந்தது. சில மாதங்களில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வாரம் கழித்து பிளேட்டில் மெல்ல மெல்ல வெளிர்சிவப்புப் புள்ளிகள் முளைத்தன, சின்னப் பிள்ளையின் ஈறு நிறத்தில். மாதா மாதம் அவை வந்தன. சாக்கடைக்கு நடுவில் ஒரு கிணறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது, அதைச் செய்வது இந்தச் சிவப்புக் கிருமிதான் என்று முடிவுக்கு வந்தேன். கட்டுரை எழுதினேன். கௌரவமான பத்திரிகையில் வெளியானது. புனேயிலும் கொச்சியிலும் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பிங்க் மேடம் என்றார்கள். எனக்குக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன், உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

போன வருடம் செம்பூரில் ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. இந்தக் கிருமியைச் சரளைக்கல்லில் வளர்த்துத் தொட்டிகளில் நிரப்பி, அதன் வழியாகக் கிணற்றுத் தண்ணீரை விட்டு, மூன்று சால்களுக்குக் குடிக்கக் கொடுக்கலாம் என்றார்கள். இந்த வருடம் மழை முடிந்ததும் தண்ணீர் விடுவதாகத் திட்டம். ஜூன் கடைசியில் எனக்கு ஓய்வு. ஓய்வு பெற்றாலும் முதல் தொட்டியை நீங்கள்தான் வந்து திறந்து வைக்க வேண்டும் என்று டைரக்டர் சொன்னார். முப்பத்து மூன்று வருடத்தில் யாராவது ஒரு தம்ளர் தண்ணீர் நல்லதாகக் குடிக்க நான் காரணமாக இருக்கப்போகிறேன் என்று நினைத்தபோது, ஆபீஸ் பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். அதைப் பகிர்ந்துகொள்ள வேறு இடம் தெரியவில்லை.

இந்த ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை ஐஸ் பெட்டியின் தோல்வார் அறுந்துவிட்டது. தாராவி தோல் கடையில் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோதே சீனியம்மாளுக்குப் போன் செய்தேன். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவள் கிணற்றுக்குப் போவேன், முந்தின நாள் சாயங்காலம் போன் செய்வேன். "நாளைக்கு வர்றேன் சீனி." "வாங்கக்கா, இட்லி எடுத்து வைக்கேன்." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வார் தைத்து முடிந்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்றைக்கே அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தேன்.

முற்றத்தில் நுழைந்தபோது தகர மூடி திறந்திருந்தது. சீனியம்மாள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி எவர்சில்வர் தம்ளரிலிருந்து எதையோ கொட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைத்தூள். காலடியில் முடிச்சவிழ்ந்த பிளாஸ்டிக் பை கிடந்தது.

"என்னக்கா, நாளைக்குல்லா வாறேன்னு சொன்னிய?"

"அது என்ன சீனி?"

"பிளீச்சிங் பவுடருக்கா."

"எதுக்கு?"

"நாளைக்கு நீங்க வாறியள்லா, அதுக்குத்தான்." இதைக்கூடக் கேட்கிறாளே என்ற முகத்தோடு தம்ளரை முந்தானையில் துடைத்தாள்.

"எப்பலருந்து போடுத?"

"மொதல்லருந்தே. ரெண்டாவது தடவ வந்தியள்லா, அப்ப ஒங்க கூட வந்த ஆபீஸ் ஆளு அப்ரார் பாய் இங்கன நின்னுக்கிட்டு, பானி ஏக்தம் கந்தா ஹை, தண்ணி ஒரே அசிங்கம்னு சத்தமா சொல்லிட்டாரு. சாலு பூரா கேட்டுச்சு. ஒரு வாரம் இங்கன ஒருத்தரும் எங்கிட்ட இட்லி வாங்கல. குழாத் தண்ணியிலதான் மாவாட்டுதேன்னு தலையில அடிச்சுச் சொல்லியும் நம்பல. பொறவுதான் கார்ப்பரேஷன் ஆளுகிட்ட பவுடர் வாங்கிப் போட்டேன். அடுத்த தடவ நீங்களே சொன்னிய, தண்ணி நல்லாருக்கு சீனின்னு. எம்புட்டு சந்தோசமா சொன்னிய தெரியுமா."

"மாசா மாசமா?"

"நீங்க போன் பண்ணி வச்ச ஒடனே ரெண்டு தம்ளர் போட்ருவேன். வீட்டுக்கு ஆள் வருதுன்னா வாசலக் கழுவ மாட்டமா? அது மாதிரிதான்."

எனக்கு முதலில் வந்தது கோபம், அவள்மேல். அவளைப் பளாரென்று அறைய வேண்டும்போல இருந்தது. திரும்பி நடந்தேன். இட்லி சாப்பிட்டுப் போங்கக்கா என்று பின்னால் குரல் கேட்டது.

செம்பூர் வரை டாக்ஸியில் வரும்போதே எல்லாம் புரிந்துவிட்டது. பவுடரில் இருக்கும் குளோரின் கோலிஃபார்மைக் கொன்றுவிடும். அந்தச் சிவப்புக் கிருமிக்குத் தோல் தடிப்பு, குளோரினுக்குச் சாகாது. எல்லோரும் செத்த வீட்டில் சாகாமல் கிடந்தவனை, இவன்தான் வீட்டைச் சுத்தம் செய்தவன் என்று நான் பன்னிரண்டு வருடமாகப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரில் குளோரோஃபார்ம் கொஞ்சம் இருந்தது. பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வந்திருக்கும் என்று எழுதினேன். அழுக்குத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைப் போட்டாலே குளோரோஃபார்ம் உண்டாகும் என்று முதல் வருட மாணவனுக்குத் தெரியும். வாடையும் இருந்தது. சாக்கடை ஓரமெல்லாம் பவுடர் தூவுகிறார்கள், அந்த வாடை என்று நினைத்தேன். கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை, அது குழாய்த் தண்ணீருக்கான சோதனை. பார்த்திருந்தாலும் ஒரு இரவுக்குள் அந்த அழுக்கு குளோரினைத் தின்று தீர்த்திருக்கும்.

ஆனாலும் ஒரு நப்பாசை இருந்தது. பவுடர் போடாவிட்டாலும் அந்தக் கிருமி தன் வேலையைச் செய்தால்? இரண்டும் சேர்ந்து நடந்திருந்தால்? மறுநாள் போய் சீனியம்மாளிடம், மூன்று மாதம் பவுடர் போடாதே என்றேன்.

"தண்ணி நாறுமேக்கா."

"நாறட்டும். ஒரு டெஸ்டு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"கெட்டதுன்னு வந்துட்டா?"

"எனக்குத்தான் கெட்டது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, தலையை ஆட்டினாள்.

அந்த மூன்று மாதமும் நான் போன் செய்யவில்லை. நினைத்த நாளில், நினைத்த நேரத்தில் போனேன். முற்றத்துக் கதவுக்கு என்னிடம் ஒரு சாவி உண்டு. பிப்ரவரியில் போனபோது அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மார்ச்சில் இட்லி விற்கப் போயிருந்தாள். நானே கதவைத் திறந்து, மூடியை நகர்த்தி, தண்ணீர் எடுத்து, மூடியைப் போட்டுவிட்டு வந்தேன். ஐந்து நிமிட வேலை. இத்தனை வருடமும் அங்கே ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன். அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவேன், காபி குடிப்பேன், மருமகன் குடிக்கிறான் என்பாள், முட்டி வலிக்கிறதா என்று கேட்பாள். மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் யாராவது என்னைச் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மூன்று மாத பிளேட்டுகளிலும் கோலிஃபார்ம் எண்ண முடியாமல் முளைத்தது. சிவப்புப் புள்ளி முதல் மாதம் ஐந்து, இரண்டாம் மாதம் இரண்டு, மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை. ஏப்ரல் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் தேடினேன். ஒன்றாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, யாரிடம் வேண்டினேன் என்று தெரியவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். விஷயம் தெரிந்தது ஒரு இட்லிக்கார அம்மாளுக்கு மட்டும், அவளுக்கும் முழுக்கத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து மாலை போட்டு, வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஒரு வாரம் அப்படித்தான் இருந்துவிடலாம் என்று இருந்தேன், நன்றாகத் தூங்கக்கூடச் செய்தேன். ஆனால் செம்பூரில் தொட்டிக்குப் பள்ளம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். காய்கறி வாங்கப் போகும் வழியில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கிருக்கும் சால்களின் பிள்ளைகள் பள்ளத்துக்குள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது இவர்கள்தான். எங்கள் தெருவில் செத்த இரண்டு பேரும் இந்த வயதுதான்.

மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை சீனியம்மாளிடம் போனேன். வீட்டில் இருந்தாள். கிணற்றுத் தண்ணீரில் பாத்திரம்கூடக் கழுவ வேண்டாம் என்று சொன்னேன். என் கட்டுரை தப்பு என்றும், அதைத் திரும்ப வாங்கப்போகிறேன் என்றும் எனக்குத் தெரிந்த எளிய தமிழில் விளக்கினேன். கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது.

"அப்ப நாந்தான் ஒங்கள கெடுத்துட்டேனா?"

"நீ இல்ல சீனி. தண்ணி எடுக்க வாறத முன்னாடியே சொல்லக் கூடாது. அதுதான் இந்த வேலையில மொத ரூலு. எங்கிட்டப் படிக்க வாற எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக் குடுப்பேன். மத்த பதிமூணு கெணத்துக்கும் ஒருநாளும் சொல்லிட்டுப் போனது கெடையாது. ஒனக்கு மட்டுந்தான் போன் பண்ணேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "போன் பண்ணாம எப்டிக்கா ஒருத்தர் வீட்டுக்கு வாறது?"

அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். சர்க்கரை அளவாக இருந்தது.

"இனி இங்கன வேல இல்லல்லா?" என்றாள்.

"கெணத்த மூடிருவாங்க. வேல இருக்காது."

சும்மா வா என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சும்மா வரட்டுமா என்று நான் கேட்பேன் என்று அவளும் எதிர்பார்த்திருக்கலாம். பன்னிரண்டு வருடம் பழகியும் எங்களுக்கு நடுவில் இருந்தது அந்தக் கிணறுதான். தம்ளரைக் கழுவப் போனவள் பாதியில் நின்று, கிணற்றுப் பக்கம் போகாமல் குழாயடிக்குப் போனாள். சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

டைரக்டர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு, "ஜூன் முப்பது வரைக்கும் பொறுக்கக் கூடாதா மேடம்?" என்று கேட்டார். பள்ளம் தோண்டிவிட்டார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தொண்டு நிறுவனத்துக்கு அன்றைக்கே கடிதம் போயிற்று. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கும் எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து காரிடாரில் என்னைப் பார்த்ததும் ஆட்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். துக்க வீட்டுக்காரியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் முழிப்பார்களே, அந்த மாதிரி. பிங்க் மேடம் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் முதல் திங்கட்கிழமை சாயங்காலம் கை தானாகப் போனை எடுத்தது. சீனி என்ற பெயர்வரை போய் நின்றேன். நாளைக்கு வர்றேன் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. காரணம் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகும் பழக்கத்தை நான் எங்குமே கற்றுக்கொள்ளவில்லை என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் பத்திரிகையிலிருந்து படிவம் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவம். பதினோரு கேள்விகள். பிழை எப்படி ஏற்பட்டது, எப்போது தெரிந்தது, வேறு யார் பொறுப்பு. வேறு யாரும் பொறுப்பில்லை என்று எழுதினேன். ஒன்பது கேள்விகளை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். பத்தாவது கேள்வி, மாதிரி எடுக்கும் நாள் கிணற்று உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா. ஆம். பதினொன்றாவது, ஆம் எனில் காரணம் கூறுக.

முற்றம் பூட்டியிருக்கும் என்று முதலில் எழுதினேன். அது முதல் இரண்டு மாதத்துக்குத்தான் உண்மை. மூன்றாவது மாதமே சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள். அழித்தேன். உரிமையாளரின் ஒத்துழைப்பைப் பெறுவதற்காக என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன், பொய் பல்லைக் காட்டியது. அதையும் அழித்தேன். ஒரு கட்டுரையில் பொய் இருந்தது என்று சொல்வதற்காக நிரப்பும் படிவத்தில் இன்னொரு பொய்யை எழுதுவதா என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில் ஒரே வரி எழுதினேன். நான் போய்ச் சேரும்போது எனக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பணிவான பதில்தான். படிவம் கிடைத்தது, நன்றி. பதினொன்றாவது கேள்விக்கான பதில் அறிவியல் காரணமாக இல்லை, தயவுசெய்து திருத்தி அனுப்பவும்.

அதே வரியை மறுபடி தட்டச்சு செய்தேன். என்னிடம் வேறு காரணம் இல்லை என்று கீழே சேர்த்து அனுப்பிவைத்தேன்.